மாலை ஐந்துக்குப் பிறகு புக்சோன் யாருடையது?

சியோல் நகரின் கஹ்வே தோங் பகுதியில் ஒரு மேட்டுத் தெரு இருக்கிறது. இரு பக்கமும் கருஞ்சாம்பல் ஓட்டுக் கூரைகள் தோளோடு தோள் உரசியபடி மேலே ஏறிச் செல்லும். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் அந்தக் கூரைகளுக்கு அப்பால் உயர்ந்த கட்டிடங்களும் நம்சான் மலையும் தெரியும். கொரியத் தொடர் பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கப்பட்டதுதான். காலையிலிருந்தே வாடகை ஹன்போக் உடையில் இளம்பெண்களும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்த கூட்டமும் தெருவை அடைத்துக்கொண்டிருப்பார்கள்.

மாலை ஐந்து மணியானால் காட்சி மாறிவிடும். ஜோங்னோ மாவட்ட நிர்வாகத்தின் பணியாளர்கள் பயணிகளைக் கீழே அனுப்பத் தொடங்குவார்கள். மறுநாள் காலை பத்து மணி வரை சுற்றுலாப் பயணிகள் அந்தத் தெருவில் நடமாடக் கூடாது. 2025 மார்ச் 1 முதல், மீறுபவர்களுக்கு ஒரு லட்சம் வொன் அபராதம். நம் பணத்தில் ஏறத்தாழ 6,000 ரூபாய். ஒரு நாட்டின் தலைநகரில், பொதுத் தெருவில் நடப்பதற்கு நேரக்கட்டுப்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தெரு எப்படி உருவானது, யாருக்காக உருவானது என்று தெரிந்துகொண்ட பிறகு கேட்டால், பதில் வேறாகத்தான் வரும்.

புக்சோன் என்றால் வடக்கூர். கியோங்போக் அரண்மனை மேற்கே, சாங்தொக் அரண்மனை கிழக்கே. இரண்டுக்கும் நடுவில், சோங்கேசோன் ஓடைக்கு வடக்கே அமைந்த பேட்டைகளுக்கு மொத்தமாக இந்தப் பெயர். கஹ்வே தோங், கே தோங், ஜே தோங், வொன்சோ தோங், ஹ்வா தோங், சம்சோங் தோங் என்று பல ‘தோங்’கள் அதில் அடக்கம். ஜப்பான் வருவதற்கு முன் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசில் உயர்பதவி வகித்த யாங்பன் குடும்பங்கள் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டி இங்கே பெரிய பெரிய மனைகளை வளைத்துப் போட்டிருந்தன. ஓடைக்குத் தெற்கே, நம்சான் அடிவாரத்தில் இருந்த நம்சோனில் கீழ்நிலை அதிகாரிகளும் பதவி கிடைக்காத படிப்பாளிகளும் வாழ்ந்தார்கள். தெற்கில் மது சிறப்பு, வடக்கில் அரிசிப் பலகாரம் சிறப்பு என்று அந்நாளில் ஒரு சொலவடையே இருந்தது.

பயணிகளிடம் இன்று விற்கப்படுவது இந்தக் கதைதான். அறுநூறு ஆண்டு பழமையான ஊர், அரசவைப் பிரபுக்களின் வீடுகள், ஜோசன் காலம் அப்படியே உறைந்து நிற்கும் இடம் என்பது விளம்பரத்தின் சாரம். இதில் பாதிதான் உண்மை. பேட்டை பழையது, வீடுகள் பழையவை அல்ல. கஹ்வே தோங் மேட்டில் படமெடுக்கப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் வடிவம் 1930-களைச் சேர்ந்தது. அவற்றில் எந்தப் பிரபுவும் வாழ்ந்ததில்லை. பிரபுக்களின் மாளிகைகளை வாங்கி, இடித்து, மனையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அளவான வீடுகளாகக் கட்டி விற்றார்கள். கட்டியவர்கள் வீட்டு வியாபாரிகள். வாங்கியவர்கள் சம்பளக்காரர்கள், சிறு வணிகர்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்க ஊரிலிருந்து வந்த குடும்பங்கள்.

இந்த உண்மையைச் சொன்னால் புக்சோனின் மதிப்பு குறைந்துவிடும் என்று சுற்றுலாத் துறையினர் அஞ்சலாம். உண்மையில் மதிப்பு கூடத்தான் செய்யும்.

1910-ல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. சியோலுக்குக் கியோங்சோங் என்று பெயர் மாறியது. வந்து குடியேறிய ஜப்பானியர்கள் முதலில் தெற்கே நம்சோன் பக்கம் பரவினார்கள். மின்விளக்கு, கடைவீதி, அகலமான சாலை என்ற வசதிகளெல்லாம் அங்கே பெருகின. 1926-ல் ஆளுநர் தலைமைச் செயலகத்தைக் கியோங்போக் அரண்மனையின் முன்வளாகத்திலேயே கட்டி முடித்தது காலனி அரசு. அரசு அலுவலகம் வடக்கே வந்தால் அலுவலர்கள் சும்மா இருப்பார்களா? ஓடையைத் தாண்டி ஜோங்னோவுக்குள் ஜப்பானியக் குடியிருப்புகள் வரத் தொடங்கின. அதே சமயம் கிராமங்களிலிருந்து கொரியர்களும் நகருக்குள் குவிந்துகொண்டிருந்தார்கள். 1920-ல் இரண்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை, எல்லை விரிவாக்கத்தையும் சேர்த்து, 1940-க்குள் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. நகரின் நடுவில் கொரியனுக்கு இடம் இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்ட காலம் அது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் முதன்மையானவர் ஜோங் செ குவோன். 1888-ல் தெற்கு கியோங்சாங் மாகாணத்தின் கோசோங்கில் பிறந்தவர். 1920-ல் சியோலில் கொன்யாங்சா என்ற கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்த வேலை கணக்கில் எளியது. விலைக்கு வந்த பெரிய மனையை வாங்குவது, நடுவில் சந்து விட்டு இரு பக்கமும் சிறு மனைகளாகப் பிரிப்பது, ஒரே அளவுத் திட்டத்தில் வரிசையாக வீடு கட்டுவது. முழுப் பணமும் கையில் இல்லாதவர்களுக்கு மாதத் தவணையும் உண்டு. இக்சொன் தோங்கில் அரச குடும்பத்து மாளிகை இருந்த இடத்தையும் இப்படித்தான் சிறு வீடுகளாக மாற்றினார். கஹ்வே தோங், ஹ்யேஹ்வா தோங், சோங்புக் தோங், சாங்சின் தோங் என நகரின் பல பகுதிகளில் அவருடைய வீடுகள் எழுந்தன.

வீட்டின் அமைப்பில் செய்த மாற்றம்தான் கவனிக்கத்தக்கது. யாங்பன் மாளிகையில் ஆண்களுக்கு ஒரு கட்டு, பெண்களுக்கு ஒரு கட்டு, வேலையாட்களுக்கு வாசலோரம் ஒரு கட்டு என்று தனித்தனியாகப் பரந்து கிடக்கும். ஜோங்கும் அவரைப் போன்றவர்களும் இதையெல்லாம் சுருக்கி ஒரே முற்றத்தைச் சுற்றி மடித்து வைத்தார்கள். முற்றத்தின் மூன்று பக்கமோ நான்கு பக்கமோ அறைகள். நடுவில் மரத்தளம் போட்ட கூடம். தரைக்கு அடியில் அடுப்புச் சூடு ஓடும் ஓந்தோல் அப்படியே இருந்தது. ஆனால் கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, கூரை விளிம்பில் மழைநீர் வடியத் தகரக் குழாய் வந்தது, தெருப்பக்கச் சுவரில் செங்கல் வந்தது. பழைய கட்டுமான மரபு புதிய நகர வாழ்க்கைக்கு இடம் கொடுத்து நின்ற வீடு இது. ஹனோக் என்றால் மரபுவழிக் கொரிய வீடு; இன்று இதை ‘நகர்ப்புற ஹனோக்’ என்று ஆய்வாளர்கள் பெயரிட்டுப் பேசுகிறார்கள். அதற்கு முன் நீண்ட காலம் ‘வீட்டு வியாபாரி கட்டிய வீடு’ என்ற இளக்காரச் சொல்தான் இதற்குக் கிடைத்தது. ஒரே அச்சில் வார்த்தது, கலைநயம் குறைந்தது என்பது குற்றச்சாட்டு. பல பத்தாண்டுகளுக்கு இவற்றைப் பண்பாட்டுச் செல்வமாக யாரும் எண்ணாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜோங் செ குவோன் லாபம் சம்பாதித்தவர்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சம்பாதித்த பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை பெரிதாகிறது. கொரியப் பொருள்களையே வாங்குங்கள் என்று இயங்கிய சுதேசி இயக்கத்துக்கு முக்கியப் புரவலராக இருந்தார். கொரிய மொழிக் கழகம் அகராதி தொகுக்க இடமில்லாமல் தவித்தபோது, 1935-ல் ஹ்வா தோங்கில் ஒரு மாடிக் கட்டிடத்தை அதற்குக் கொடுத்தார். புக்சோனின் இதயப்பகுதி அது. பள்ளிகளில் கொரிய மொழி ஒடுக்கப்பட்டு, பெயரைக்கூட ஜப்பானிய முறையில் மாற்றிக்கொள்ளச் சொல்லி அரசு நெருக்கிய ஆண்டுகளில், அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து அறிஞர்கள் சொற்களைச் சேர்த்தார்கள், வரையறை எழுதினார்கள், எழுத்துக்கூட்டை ஒழுங்குபடுத்தினார்கள்.

1942 அக்டோபரில் காவல்துறை பாய்ந்தது. அகராதி எழுதியது தேசத்துரோகமாயிற்று. கழகத்தைச் சேர்ந்தவர்களும் ஆதரித்தவர்களுமாகப் பலர் பிடிபட்டார்கள். அவர்களில் யி யுன்ஜே, ஹான் ஜிங் இருவரும் ஹம்ஹுங் சிறையிலேயே இறந்தார்கள். ஜோங் செ குவோனும் சித்திரவதைக்கு உள்ளானார். துக்சொம் பகுதியில் அவருக்கிருந்த பெரும் நிலத்தை அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவருடைய தொழில் பழைய நிலைக்கு வரவே இல்லை. 1965-ல் காலமானார். காவல்துறை எடுத்துச் சென்ற அகராதிக் கையெழுத்துப் படியோ, விடுதலைக்குப் பிறகு 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையத்துக் கிடங்கில் கிடைத்தது. இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். 1947-ல் முதல் தொகுதி அச்சேறியது; ஆறு தொகுதிகளும் முடிய 1957 ஆயிற்று. 2020-ல் அந்தக் கையெழுத்துப் படியைக் கொரிய அரசு அரும்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு மொழியின் அகராதியையும் அந்த மொழி பேசுபவர்களின் வீட்டையும் ஒரே மனிதரின் காசு தாங்கியிருக்கிறது. புக்சோனுக்கு வரும் எத்தனை வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள்? இல்லாத பிரபுவைப் பற்றிச் சொல்வதற்கு இருக்கும் உற்சாகம், வாழ்ந்த வியாபாரியைப் பற்றிச் சொல்வதற்கு இல்லை.

புக்சோனின் மற்ற சுவடுகளும் இதேபோல் கண்ணில் படாமல் கிடக்கின்றன. ஜே தோங்கில் அரசியலமைப்பு நீதிமன்ற வளாகத்துக்குள் வெண்ணிறப் பட்டை கொண்ட ஒரு முதிய பைன் மரம் நிற்கிறது. வயது சுமார் 600 என்கிறார்கள். சீர்திருத்தவாதிகள் 1884 டிசம்பரில் அரண்மனையைக் கைப்பற்றி மூன்றே நாளில் தோற்றுப்போன கிளர்ச்சியின் தலைவர்கள் இந்த மரத்தைச் சுற்றித்தான் வாழ்ந்தார்கள். கொல்லப்பட்ட ஹோங் யோங்சிக்கின் வீட்டில் 1885-ல் கொரியாவின் முதல் மேலைமுறை மருத்துவமனை திறந்தது. தப்பியோடிய கிம் ஓக்யுனின் மனையில் பின்னாளில் கியோங்கி பள்ளி வந்தது. பள்ளி இடம்மாறிய பின் இப்போது அது ஜோங்தோக் நூலகம். கே தோங் மேட்டில் இருக்கும் ஜுங்காங் பள்ளியின் இரவுப் பணியறையில் 1919 விடுதலை எழுச்சிக்கான ஆரம்ப ஆலோசனைகள் நடந்தன. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் பலர் எழுச்சிக்கு முந்தைய இரவு கஹ்வே தோங்கில் சோன் பியோங்ஹியின் வீட்டில் கூடினார்கள். அந்தப் பைன் மரம் நிற்கும் வளாகத்தில்தான் 2025 ஏப்ரல் 4 அன்று அதிபர் யூன் சுக் யோலைப் பதவிநீக்கம் செய்து தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

கஹ்வே தோங்கில் உள்ள பெக் இன்ஜே இல்லம் பிரபு வாழ்க்கையைப் பார்க்க விரும்புபவர்களை ஓரளவு திருப்திப்படுத்தும். 1913-ல் கட்டிய பெரிய மாளிகை. கட்டியவர் ஜப்பான் ஆதரவு வங்கியாளர் ஹான் சாங்ரியோங். அறைகளுக்கு நடுவே ஜப்பானியப் பாணித் தாழ்வாரம் ஓடுகிறது. 2015 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அழகான வீடுதான். ஆனால் அந்த அழகு எந்தச் செல்வத்தில் கட்டப்பட்டது என்பதையும் பார்வையாளர் அறிந்துகொண்டு வெளியே வருவது நல்லது.

வீடுகள் தப்பிய கதைக்கு வருவோம். எழுபதுகளில் சியோல் நகரின் குறுக்கே ஓடும் பேராற்றுக்குத் தெற்கே வளர வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. கங்னம் உருவாயிற்று. மக்களை அங்கே இழுக்கப் பெயர்பெற்ற பள்ளிகளையே தூக்கிக்கொண்டு போனார்கள். 1976-ல் கியோங்கி பள்ளி போயிற்று, 1978-ல் ஹ்வீமுன் பள்ளி போயிற்று. ஹ்வீமுன் இருந்த கே தோங் மனையில் 1983-ல் ஹூண்டாய் தலைமையகம் எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலை தொடங்கிய ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் அந்நாளில் இயங்கியது இந்தக் கட்டிடத்திலிருந்துதான். புக்சோனின் வாசலில் இருந்து.

பேட்டை இப்படி மாறிக்கொண்டிருக்க, எஞ்சிய வீடுகளைக் காப்பாற்ற 1983-ல் கடுமையான விதி வந்தது. ஒரு தளத்துக்கு மேல் கட்டக் கூடாது. எதைத் தொடவும் அனுமதி வேண்டும். குடியிருந்தவர்களுக்கு அரசு தந்தது தடை மட்டும்தான், உதவி எதுவும் இல்லை. கூரை ஒழுகினாலும் விருப்பப்படி மாற்றிக்கட்ட முடியாமல் தவித்த மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1991-ல் விதி தளர்ந்தது. தளர்ந்ததும் இடிப்பு தொடங்கியது. 1985-ல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருந்த ஹனோக்குகள் 2000-ல் ஆயிரத்துக்கும் கீழே போயின. பல குடும்பங்கள் வாழும் செங்கல் கட்டிடங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மக்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாழ முடியாத வீட்டை எவரும் பாரம்பரியம் என்று கொண்டாட மாட்டார்கள்.

2001-ல் சியோல் மாநகராட்சி பாதையை மாற்றியது. விரும்புபவர்கள் தங்கள் ஹனோக்கைப் பதிவு செய்துகொள்ளலாம். பழுதுபார்க்க மானியமும் கடனும் தரப்படும். உள்ளே குளியலறை, சமையலறை வசதிகளை இக்காலத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். விற்க நினைத்தவர்களிடம் சில வீடுகளை மாநகராட்சியே வாங்கியது. அடித்து விரட்டிச் செய்ய முடியாததை அழைத்துச் செய்ய முடிந்தது. 2009-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் வந்தது. குறை இல்லாமல் இல்லை. பழுதுபார்ப்பு என்ற பெயரில் பல வீடுகளை அடியோடு பிரித்துப் புது மரத்தில் கட்டினார்கள் என்று குடியிருப்பாளர்களில் சிலரே அன்று குரல் எழுப்பினார்கள். விலை ஏறியது. வசதி படைத்தவர்கள் வார இறுதி வீடாக வாங்கத் தொடங்கினார்கள். ஆனாலும், அந்தத் திட்டம் இல்லாமல் போயிருந்தால் இன்று பேசுவதற்குப் புக்சோனே இருந்திருக்காது.

பிறகு கூட்டம் வந்தது. சுமார் 6,100 பேர் வசிக்கும் பேட்டைக்கு ஆண்டுக்கு 60 லட்சம் பயணிகள் என்பது ஜோங்னோ நிர்வாகம் முன்வைத்த கணக்கு. ஒரு குடியிருப்பாளருக்கு ஏறத்தாழ ஆயிரம் பயணிகள். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது, முற்றத்தில் காயும் துணியைப் படமெடுப்பது, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் குப்பையை விட்டுப்போவது, பெட்டிச் சக்கரத்தின் கடகட ஓசை. தெருவில் பேசினால் கூடம் வரை கேட்கும் வீடுகள் இவை. சந்து குறுகல், சுவர் மெல்லியது. 2018-ல் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் வாருங்கள், ஞாயிறு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வேண்டுகோள் யார் காதிலும் ஏறவில்லை. 2024 ஜூலையில் நாட்டிலேயே முதன்முறையாக இந்தப் பகுதியைச் சிறப்பு மேலாண்மைப் பகுதியாக அறிவித்து, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மண்டலம் பிரித்தார்கள். அபராதம் சிவப்பு மண்டலத்துக்கு உரியது.

கடைக்காரர்கள் சிலருக்கு இதில் வருத்தம். வியாபாரம் குறையும் என்கிறார்கள். அவர்களுடைய கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் கடை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். புக்சோனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது இக்சொன் தோங். அதே ஜோங் செ குவோன் கட்டிய பேட்டை. அதே முற்ற வீடுகள், இன்னும் சிறியவை. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் மறுவளர்ச்சித் திட்டம் ஆண்டுக்கணக்காக இழுத்து 2014 வாக்கில் படுத்துவிட்டது. 2018-ல் மாநகராட்சி அதை ஹனோக் பாதுகாப்புப் பகுதியாக்கியது. கூரைகள் பிழைத்தன. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. காபிக் கடைகளும் உணவகங்களும் துணிக்கடைகளும் வர, வாடகை ஏறி, நெடுங்காலம் அங்கே குடியிருந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். இன்று முற்றங்களுக்கு மேல் கண்ணாடி வேய்ந்து மேசை போட்டிருக்கிறார்கள். இரவில் அங்கே விளக்கு எரிகிறது, யாரும் தூங்குவதில்லை. கட்டிடத்தைக் காப்பாற்றி வீட்டைத் தொலைத்த பேட்டை அது.

இதனால்தான் புக்சோனின் நேரக்கட்டுப்பாடு சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது போதாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தில் ஒரு பெரிய திறப்பு இருக்கிறது: ஹனோக் தங்கும் விடுதிகளில் அறை எடுத்தவர்களுக்குத் தடை இல்லை. குடும்பம் வெளியேறிய வீடு விடுதியாக மாறினால், மாலை ஐந்துக்குப் பிறகும் பெட்டிச் சக்கரம் சந்தில் உருளும். அதை யாரும் தடுக்க முடியாது. இரவு உரிமை உள்ளவர் எண்ணிக்கையில் குடியிருப்பாளர் குறைந்து விருந்தாளி கூடிக்கொண்டே போனால், கட்டுப்பாடு யாருக்காக வந்ததோ அவர்களே அங்கே இருக்கமாட்டார்கள். ஒரு சந்தில் இத்தனை விடுதிதான் என்று வரம்பு வைக்காமல் அபராதத்தை மட்டும் நம்பியிருப்பது அரைவேலை.

பாரம்பரியம் என்று எதைக் காப்பது என்பதில்தான் முடிவாக எல்லாம் நிற்கிறது. ஜோசன் பிரபுக்களின் நினைவு என்றால் புக்சோனை அருங்காட்சியகமாக்கிக் கதவைச் சாத்திவிடலாம், ஆட்கள் தேவையில்லை. 1930-களின் கதை வேறு. நகரின் நடுவிலிருந்து சாதாரணக் கொரியன் விரட்டப்படாமல், தன் மொழி பேசி, தன் அடுப்புச் சூட்டில் படுத்து, தவணை கட்டி வாழ்வதற்காக எழுந்தவை இந்த வீடுகள். அந்த வரலாற்றைக் காப்பது என்றால் அங்கே குடும்பம் வாழ்வதைக் காப்பது என்றுதான் பொருள். காலனி ஆட்சிக் காலத்தின் நெருக்கடிக்கு நின்று தாக்குப்பிடித்த ஒரு பேட்டை, புகைப்படக் கூட்டத்துக்காகக் காலியாவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

சியோல் மாநகராட்சியின் கையில் 2001 முதல் வாங்கிச் சேர்த்த ஹனோக்குகள் இருக்கின்றன. பல, கைவினைப் பட்டறைகளாகவும் பண்பாட்டு மையங்களாகவும் நடக்கின்றன. சிலவற்றை அண்மைக் காலமாக இளம் தம்பதிகள் குடியிருக்க வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். செய்ய வேண்டிய வேலை இதுதான். அடுத்து வாங்கும் வீடுகளில் இன்னொரு கண்காட்சிக் கூடம் வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு நியாயமான வாடகையில் கொடுங்கள். ஹ்வா தோங்கில் மொழிக் கழகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுக்கல் மட்டும் இருக்கிறது. அதைத் தேடிப் போகும் பயணிகளிடம் அந்தக் கட்டிடத்தைக் கொடுத்த வீட்டு வியாபாரியின் பெயரையும் சொல்லுங்கள்.